ரவி மாமா சுட்ட பர்கர்

கனிந்த கரியின் மேல் ஆட்டுக் கொழுப்பு ஒரு சொட்டு விழுந்தால் 'சுர்ர்' என்று ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தம் அடங்குவதற்குள் புகை கிளம்பும், புகையின் பின்னாலேயே ஒரு வாசனை வந்து மூக்கில் ஏறும் முன்பே நாக்கில் எச்சில் ஊறிவிடும். எனக்குப் பத்து வயது இருக்கும்போது, ஆரணியில் எங்கள் வீட்டுத் தோட்டத்தில் அந்த வாசனையை முதன்முதலாகப் பிடித்தேன். தோட்டம் என்றால் பெரிதாக நினைத்துவிடாதீர்கள் பிள்ளைகளே, ஒரு முருங்கை மரமும் துணி துவைக்கிற கல்லும்தான். 'பர்கர்' என்கிற பேரையே அதுவரை டி.வி. விளம்பரத்தில்தான் கேட்டிருந்தோம். அது எங்கள் வீட்டிலேயே, எங்கள் கண் முன்னாலேயே தயாராகப் போகிறது என்றால் எப்படி இருந்திருக்கும்! முந்தின நாள் ராத்திரியே நானும் என் தங்கச்சி செல்வியும் சரியாகச் சாப்பிடாமல் வயிற்றைக் காலியாக வைத்துக்கொண்டோம்.

செய்யப்போகிறவர் எங்கள் ரவி மாமா, அம்மாவின் தம்பி. எங்கள் தெருவில் அவர் வயதுப் பையன்கள் எல்லாரும் பட்டு நெய்யத் தறிக் குழியில் காலைத் தொங்கவிட்டபோது, அவர் மட்டும் சென்னைக்கு பஸ் ஏறிப் போய் ஒரு ஓட்டலில் வேலைக்குச் சேர்ந்தார். முதலில் தட்டு கழுவினார், அது உண்மைதான். அப்புறம் வெங்காயம் நறுக்கினார், அப்புறம் கறி சுத்தம் செய்தார், நான் சொல்கிற சமயத்தில் பர்கருக்குக் கறி தட்டி நெருப்பில் சுடுவதே அவர் வேலை. ஆனால் ஊர் வாய் அந்த முதல் வேலையையே பிடித்துக்கொண்டு விடவில்லை. 'தட்டு கழுவற பையன்' என்று யாரோ போய்ச் சொல்ல, வந்த சம்பந்தங்கள் தட்டிக்கொண்டே போயின. கடைசியாகப் பெரணமல்லூரில் ஒரு பெண்ணைப் பார்த்துவிட்டு வந்தோம். மாமாவுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. பெண்ணுக்கும் பிடித்திருப்பதாகத் தரகர் சொன்னார். பெண்ணின் அப்பா மட்டும் "ஆகட்டும், பார்ப்போம்" என்று இழுத்துக்கொண்டிருந்தார். இதுவும் போனால் இனிமேல் கல்யாணப் பேச்சே எடுக்காதீர்கள் என்று மாமா சொல்லிவிட்டார். அம்மாவுக்கு அந்தக் கவலையில் சோறு இறங்கவில்லை.

இங்கே ஒரு முறையைச் சொல்லிவிட வேண்டும். எங்கள் பக்கத்தில் சம்பந்தம் முடிவாகிற வரைக்கும் ஒரு வீட்டார் இன்னொரு வீட்டில் சாப்பிட மாட்டார்கள். இதற்குக் 'கை நனைக்கிறது' என்று பெயர். காப்பி குடிக்கலாம், தண்ணீர் குடிக்கலாம், வெற்றிலை போடலாம். சாப்பாட்டில் மட்டும் கை வைக்கக் கூடாது. வைத்துவிட்டால் சம்மதம் என்று அர்த்தம், அப்புறம் வார்த்தை மாற முடியாது. நாங்கள் பெரணமல்லூருக்குப் போனபோது பக்கத்து அறையில் எண்ணெய் காயும் வாசனை வந்தும், வெறும் காப்பியோடு பசித்த வயிறாகத் திரும்பியது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் மாமா என்னைக் கறிக்கடைக்குக் கூட்டிக்கொண்டு போனார். கடைக்கார பாய் மரக்கட்டையில் கத்தியைத் தட்டிக்கொண்டே, "இன்னா தம்பி, கோலா உருண்டைக்கா?" என்று கேட்டார்.

"இல்ல பாய், பர்கருக்கு. கொழுப்பைச் சேர்த்து வச்சுக் கொத்துங்க."

"எல்லாரும் கொழுப்பை எடு எடுன்னு என் உயிரை வாங்கறாங்க, நீ போடச் சொல்றியே! மெட்ராஸ் போயி ரொம்பக் கெட்டுப்பூட்ட நீ" என்று சிரித்துக்கொண்டே பாய் இரண்டு கையிலும் இரண்டு கத்தியைப் பிடித்து 'தடதட' என்று கொத்தியதைப் பார்க்க, எனக்கு எங்கள் தெருவில் தறி ஓடுகிற மாதிரியே இருந்தது. அந்தக் 'கைமா'வைத் தாமரை இலையில் கட்டி வாங்கிவந்து அம்மாவிடம் கொடுத்துவிட்டு, நாங்கள் இருவரும் பன் வாங்க சைக்கிளில் பேக்கரிக்குப் பறந்தோம்.

தப்பு நடந்தது அப்போதுதான். கறி வீட்டுக்குள் வந்தால் எங்கள் தெருவில் எந்த வீட்டிலும் என்ன செய்வார்களோ அதைத்தான் அம்மா செய்தார். தண்ணீரில் அலசினார், மஞ்சள் தூளும் உப்பும் போட்டார், பூண்டு விழுதைச் சேர்த்து, பரோட்டா மாவு மாதிரி அழுத்திப் பிசைந்து மூடி வைத்துவிட்டார். நாங்கள் திரும்பியபோது, சாயங்காலம் கோலாவுக்கு ஆகும் என்று தனியே இலையிலேயே எடுத்து வைத்திருந்த கொஞ்சம் கைமாவைக் கழுவுவதற்காகக் கையில் எடுத்துக்கொண்டிருந்தார்.

"அய்யோ அக்கா, அதை வை! அதையாச்சும் வுடு!" என்று மாமா வாசலிலிருந்தே கத்தினார்.

"இன்னாடா இது, வந்ததும் வராததுமா? கறியைக் கழுவாம, மஞ்சள் போடாம துன்ன நாம இன்னா நாயா நரியா?"

"உப்பையுமா போட்டுட்ட?"

"பின்ன, உப்பு போடாம? நீங்க போனப்பவே போட்டுட்டேன். ஜோரா ஊறிகினு இருக்கு."

மாமா துவைக்கிற கல்லில் உட்கார்ந்து தலையில் கை வைத்துக்கொண்டார். பர்கர் கறியில் உப்பை முன்னாடியே போட்டுப் பிசைந்தால் கறி ஒன்றோடொன்று ஒட்டி இறுகிப்போகுமாம். நெருப்பில் வைக்கிற அந்த நொடியில்தான் மேலாக உப்பைத் தூவ வேண்டுமாம். "உங்க ஓட்டல் சட்டத்தை என் அடுப்படியில பேசாத" என்று அம்மா சொல்லிவிட்டார். சரி, வீணாக்க வேண்டாம், இதையே முதலில் சுடுவோம் என்று மாமா எழுந்தார். அப்பா சாம்பலும் புளியும் போட்டுத் தேய்த்துக் கொடுத்த பழைய சைக்கிள் கேரியர்தான் சுடுகிற கம்பி. இரண்டு பக்கமும் செங்கல், நடுவில் இஸ்திரிக் கடையிலிருந்து வாங்கிவந்த கரி. நானும் செல்வியும் ஆளுக்கு ஒரு விசிறியோடு இரண்டு பக்கமும் உட்கார்ந்து, கண்ணில் தண்ணீர் வழிய வழிய விசிறினோம்.

மஞ்சள் கலரில் வட்ட வட்டமாகத் தட்டி வைத்ததெல்லாம் வேகவேகச் சுருங்கி உருண்டுகொண்டே வந்தது. அந்த நேரம் பார்த்து உள்ளேயிருந்து அப்பாவின் குரல் ஒரு மாதிரியாகக் கேட்டது. "வாங்க, வாங்க, இப்படி உட்காருங்க... ரவி, பெரணமல்லூர்லேர்ந்து வந்திருக்காங்க பாரு!"

பெண்ணின் அப்பா! சாயம் போட்ட பட்டு வாங்க ஆரணிக்கு வந்தவர், சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்கே வந்துவிட்டார். உட்காரவும் இல்லை. "புகை வருதே, இன்னா சமையலு?" என்று கேட்டுக்கொண்டே நேராகத் தோட்டத்துக்கு வந்து நின்றார். மாமா கிழிந்த பனியனும் முகத்தில் கரியுமாக எழுந்து நின்றார். அம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு "வாங்கண்ணா" என்றார். வெந்ததில் ஒன்றை எடுத்து ஊதி ஊதிக் கடித்துப் பார்த்த செல்வி, பல் இறங்காமல் அதைத் துவைக்கிற கல்லின் மேல் போட்டாள்.

"மாமா, மாமா, இது எகிறுது!"

நிஜமாகவே எகிறியது. வந்தவர் அதைப் பார்த்தார், மாமாவைப் பார்த்தார். "மெட்ராஸ்ல இதைத்தான் வித்துகினு இருக்கீங்களா தம்பி?" என்றார்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. அக்கா செய்த வேலை இது என்று மாமா ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், தப்பித்திருப்பார். அவர் சொல்லவில்லை. "இது தப்பாயிடுச்சுங்க, நான் கவனிக்கல. இன்னும் கொஞ்சம் கறி இருக்கு. நின்னு பார்த்துட்டுப் போங்க" என்றார். வந்தவர் அம்மாவின் பக்கம் திரும்பினார். அம்மாவின் பத்து விரலும் மஞ்சளாக இருந்தன. அம்மா சட்டென்று கையைப் பின்னால் மறைத்துக்கொண்டார். வந்தவர் துண்டை உதறிப் போட்டு முருங்கை மரத்தடியில் உட்கார்ந்துகொண்டார்.

அப்புறம் மாமா செய்ததை இன்றைக்கும் கண்ணை மூடினால் பார்க்க முடியும். இலையைப் பிரித்து, கழுவாத அந்தக் கைமாவை அழுத்தாமல், கோழிக் குஞ்சைப் பிடிக்கிற மாதிரி பிடித்து, தட்டையாக்கி, ஒவ்வொன்றின் நடுவிலும் கட்டை விரலால் ஒரு சின்னப் பள்ளம் வைத்தார். கரி நன்றாகக் கனிந்து மேலே சாம்பல் பூக்கும்வரை காத்திருந்தார். கையை உயரத் தூக்கி உப்பை மழைத்தூறல் மாதிரி விட்டார். அதன் மேல் அப்போதே இடித்த மிளகு, அவ்வளவுதான்! கம்பியில் வைத்ததும் கொழுப்பு உருகிக் கரியில் விழுந்து 'சுர்ர்' என்றது, வாசனை சுவர் ஏறிப் போய், பக்கத்து வீட்டு அத்தை "ரவி, இன்னாடா அது?" என்று சுவருக்கு மேல் தலையை நீட்டினார். செல்வி குதித்தாள். நானும் குதித்தேன். பன்னை நெய் தடவிச் சூடு காட்டி, கறியை வைத்து, பச்சை வெங்காயம் வைத்து, பாட்டில் சாஸ் இல்லாததால் அம்மா காலையில் செய்திருந்த கத்தரிக்காய் கொத்சையே ஒரு கரண்டி அதன் மேல் ஊற்றினார்.

முதலில் எங்களுக்குத்தான் கொடுத்தார், வந்தவருக்குத் தரக்கூடாதே! கடித்ததும் சாறு முழங்கை வரைக்கும் வழிந்தது. பேச வாயில் இடமில்லை. அப்பா தறிக் குழிக்குப் போவதாகச் சொன்னவர் போகாமல் நின்றுகொண்டே ஒன்றைத் தின்றார்.

"உங்களுக்குக் காப்பி கொண்டாரட்டுங்களாண்ணா?" என்று அம்மா மெதுவாகக் கேட்டார். அவர் மாமாவின் பக்கம் திரும்பினார்.

"உப்பு கடைசியிலதான் போடணுமா தம்பி?"

"ஆமாங்க. முன்னாடி போட்டா இறுகிடும்."

"எங்க வீட்லயும் கறி வந்தவுடனே மஞ்சளும் உப்பும்தான். பொம்பளைங்ககிட்ட சொன்னா கேப்பாங்களா?" என்று சொல்லி அம்மாவைப் பார்த்துச் சிரித்தார். பிறகு எழுந்து வந்தார். கேரியரின் மேல் ஒரே ஒன்று மிச்சம் இருந்தது. கையை நீட்டினார். "குடுங்க."

விசிறி என் கையிலிருந்து விழுந்துவிட்டது. அப்பா தடுமாறிப்போய், "அண்ணா, இது... இன்னும் எதுவும் முடிவாகல... கை நனைக்கிறதுன்னா..." என்று இழுத்தார்.

"தெரிஞ்சுதாங்க கேக்கறேன்."

"நல்ல காரியத்தைக் கறியிலயா ஆரம்பிப்பாங்க?" என்று அம்மா அழுகையும் சிரிப்புமாகக் கேட்டார்.

"ஞாயித்துக்கிழமைதானேம்மா, வேற எதுல ஆரம்பிக்கிறது?"

வாங்கினார், கடித்தார், கண்ணை மூடி மென்றார். நாங்கள் எல்லாரும் அவர் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தோம். விழுங்கிவிட்டு, "மிளகு கொஞ்சம் தூக்கலா இருக்கு. எம் பொண்ணு காரம் தாங்காது, பார்த்துப் போடுங்க தம்பி" என்றார். மாமா துவைக்கிற கல்லைச் சுற்றி ஓடினாரா, குதித்தாரா என்று எனக்குத் தெரியவில்லை. அம்மா சர்க்கரை டப்பாவோடு ஓடிவந்து எல்லார் வாயிலும் போட்டதில், பர்கரும் சர்க்கரையும் கலந்த ருசிதான் ஞாபகம் இருக்கிறது.

இப்போது ஆரணியிலேயே பர்கர் கடைகள் வந்துவிட்டன. என் பிள்ளைகள் போனைத் தட்டினால் வீட்டு வாசலுக்கே வருகிறது, சூடாகவும் இருக்கிறது, குறை சொல்ல மாட்டேன். பாயின் கடையில் மெஷின் வந்துவிட்டது, இரண்டு கத்தியால் கொத்துகிற சத்தம் இல்லை. அந்த முறையும் போய்விட்டது. போன மாதம் எங்கள் உறவில் ஒரு பெண்ணுக்குப் பேச்சு வந்தது. இரண்டு வீட்டாரும் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஏ.சி. ஓட்டலில்தான் சந்தித்தோம். பையன் வீட்டார் உட்கார்ந்ததும் உட்காராததுமாக மெனுவை எடுத்தார்கள், நாங்களும் எடுத்தோம். பிரியாணி, பர்கர், ஐஸ்கிரீம் எல்லாம் வந்தது. யார் கை எந்தத் தட்டை நோக்கிப் போகிறது என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தவர்கள் அங்கே ஒருவரும் இல்லை. எல்லாரும் வயிறு நிறையச் சாப்பிட்டோம். சம்மதமா இல்லையா என்று இன்னும் போன் வரவில்லை.