பதினாறடிக் கோழிக்கூடு

மல்வேர்ன் டெனிஸ்டன் இருபது வருடமாக ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவர். எத்தனை இறாத்தல் பாரம் என்று பார்க்காமல் ஒரு பெட்டியையும் தூக்கமாட்டார். ஆனால், மனைவியின் தங்கையைக் கட்டிய அன்புராசா காம்பிங்குக்கு இழுத்துப்போய்த் தங்கும் பதினாறடி ட்ரெய்லர் ஒன்றை வாங்கித் தன் வீட்டு வாசலில் நிறுத்திய அன்றே அந்த நிதானமெல்லாம் பறந்துவிட்டது. கூரையில் சோலார் வேறு! கரண்ட் இல்லாத காட்டிலும் மூன்று நாள் இருக்கலாமாம்.

“உது ட்ரெய்லரே? கோழிக்கூடு!” என்று மனைவி பேர்ணடெற்றிடம் பொருமினார். அடுத்த சனிக்கிழமையே அவளையும் கூட்டிக்கொண்டு கடைக்குப் போய், இருபத்துநாலடி ட்ரெய்லர் ஒன்றில் கையை வைத்தார்.

“காம்பிங்குக்கு என்னென்ன கொண்டுபோவியள், அங்கிள்?” என்று கேட்டாள் அங்கே வேலை செய்யும் தமிழ்ப் பெண்.

டெனிஸ்டன் வாய் திறக்குமுன் பேர்ணடெற் முந்திக்கொண்டாள். அவளுக்கு எதையும் ஒளிக்கத் தெரியாது. “தண்ணி, பற்றரி, அரிசி மூட்டை, இடியப்ப உரல், ஆட்டிறைச்சி காய்ச்சுற கிடாரம்…”

அந்தப் பெண் எல்லாவற்றையும் ட்ரெய்லரின் எடையோடு கூட்டினாள். ஐயாயிரத்து அறுநூறு இறாத்தல். டெனிஸ்டனின் வான் மூவாயிரத்து ஐந்நூறுக்கு மேல் இழுக்காது.

“கிடாரத்தை வீட்டிலை விட்டா, உங்கட வானுக்கு இதுதான் சரி,” என்று அவள் காட்டியது அதே பதினாறடி. நிறம்கூட மாறவில்லை.

பல்லைக் கடித்துக்கொண்டு வாங்கினார்.

பேர்ணடெற் தங்கைச்சிக்கும் எதையும் ஒளிப்பதில்லை. ஞாயிறு பூசை முடிந்து வந்த அன்புராசா, புது ட்ரெய்லரைத் தட்டிப் பார்த்துச் சிரித்தார்.

“அண்ணை, உங்கட கோழிக்கூடும் நல்லாத்தான் இருக்கு.”