போக்குவரவு

ராமுத்தாயின் சுங்குடிச் சேலை ஒன்றில் முந்தானை ஓரமாக ஒரு மைக்கறை இருந்தது. எத்தனை துவைப்புத் துவைத்தும் போகவில்லை. போகட்டும் என்று அவள் நினைத்ததாகவும் தெரியவில்லை. கட்டைவிரலில் மையைத் தடவிவிட்டு "இங்கன வைங்க" என்று காகிதத்தை நீட்டியவனிடம் "வைக்க மாட்டேன்" என்று சொல்லி, அந்த விரலைத் தன் சேலையிலேயே துடைத்துக்கொண்டு எழுந்தாளே, அன்றைக்கு விழுந்த கறை அது. நாலு ஏக்கர் ஏலக்காடு அந்த ஒரு துடைப்பில்தான் தப்பியது. பண்ணைப்புரத்தில் இதை நம்பாதவர்கள் உண்டு. நம்பாவிட்டால் போகிறார்கள், யாருக்கு நட்டம்.

மேற்கு மலைக்கு இந்தப் பக்கம் வெள்ளைக்காரன் சீமை, அந்தப் பக்கம் திருவிதாங்கூர் மகாராஜா சீமை. தேவாரத்துக்கு மேலே பாதையில் ஏறி உச்சியைத் தாண்டிவிட்டால் பண்ணைப்புரத்து ஆள் அந்நியன். காசு வேறு, சர்க்கார் கச்சேரி வேறு, பத்திரத்தில் எழுதுகிற எழுத்தும் வேறு. ஆனால் அங்கே ஏலக்காட்டில் களை வெட்டவும் காய் எடுக்கவும் இந்தப் பக்கத்து முதுகுதான் வேண்டும். ராமுத்தாயும் அவள் புருசன் சுருளியாண்டியும் பத்து வருசம் அப்படி ஏறி இறங்கினார்கள். அடுத்தவன் காட்டில் குனிந்து குனிந்து அவளுக்கு அலுத்துவிட்டது. 1921ஆம் வருசம், அவளுக்கென்று அவளுடைய ஆத்தா எழுதிக் கொடுத்திருந்த கிணற்றடி நிலத்தை விற்றாள். மலைக்கு மேலே உடும்பன்சோலைப் பக்கம் நாலு ஏக்கர் காடு விலைக்கு வந்தது.

இங்கேதான் ஒச்சாண்டி வருகிறார். சுருளியாண்டியின் அண்ணன். பொதிமாட்டில் அரிசி ஏற்றி மலைக்குக் கொண்டுபோய் விற்கிறவர். அந்தச் சீமையில் தனக்குத் தெரியாத சங்கதி இல்லை என்பது அவர் நினைப்பு.

"நம்ம பேருல எழுதுனா கச்சேரி கச்சேரியா அலைய விட்டுருவாக. அந்த ஊரு ஆளு பேருல எழுதிப்புட்டா சுளுவு" என்றார்.

"நம்ம காட்ட நம்ம பேருல எழுதாம எதுக்கு மச்சான் இன்னொருத்தர் பேருல எழுதணும்?" என்று கேட்டாள் ராமுத்தாய்.

"சுளுவுன்னு சொல்றேன்ல, ஆத்தா. எல்லாரும் அப்படித்தேன் செய்யிறாக."

நம்ம பேர் என்று இரண்டு பேருமே சொன்னார்கள். அது யார் பேர் என்று அங்கே ஒருத்தரும் கேட்கவில்லை.

பேரைக் கொடுத்தவர் கேசவன் பிள்ளை. மலையில் அரிசிக்கடை வைத்திருந்தார். தங்கமான மனிதர். அவரை ஒரு சொல் குறைத்துச் சொன்னால் நாக்கு அழுகிவிடும். பதிவு முடிந்து பத்திரம் கைக்கு வந்ததும் அவர் செய்த முதல் காரியம், அதை ராமுத்தாயிடம் நீட்டியதுதான். "கடலாசு நிங்ஙளிட கையில் இரிக்கட்டே" என்றார். அவள் அதை மஞ்சள் துணியில் சுற்றித் தகரப்பெட்டியில் வைத்தாள். அதிலிருந்த மலையாள எழுத்தில் ஒன்றுகூட அவளுக்குத் தெரியாது. தமிழ் எழுத்தாக இருந்தாலும் தெரியாது, அது வேறு விசயம்.

பிள்ளை ஏமாற்றிவிடுவாரோ என்று ஊரில் பத்துப் பேர் பத்து விதமாகக் கேட்டார்கள். பிள்ளை செத்துப்போனால் என்ன செய்வது என்று ஒரு ஆள் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. இரண்டே வருசத்தில் மனிதர் காய்ச்சலில் போய்ச் சேர்ந்தார்.

சுருளியாண்டி பயந்த சுபாவம். கச்சேரி வாசலில் நிற்கிற சேவகனைக் கண்டாலே துண்டு இடுப்புக்கு வந்துவிடும். துக்கம் கேட்கப் போன இடத்தில் பிள்ளையின் மகனைத் தனியே கூப்பிட்டுப் பேசி, காட்டில் அவனுக்குப் பங்கு பாத்தியதை இல்லை என்று விளக்கைத் தொட்டுச் சத்தியம் வாங்கி வந்தார். பிள்ளைக்கு ஒரே மகன். மகன் வாக்குக் கொடுத்துவிட்டான், இனி ஒரு பயலும் கேட்க முடியாது என்று மூன்று நாள் நிம்மதியாகத் தூங்கினார்.

நாலாம் நாள் வெள்ளைவேட்டிக்காரர் ஒருவர் காட்டுக்கு வந்தார். "ஞான் கேசவன் பிள்ளையிட மருமகன், பரமேஸ்வரன்" என்றார்.

"வாங்க மாப்ளே, உக்காருங்க" என்று சாக்கை உதறிப் போட்ட சுருளியாண்டி, ராமுத்தாய் பக்கம் திரும்பிக் கிசுகிசுத்தார். "ஏ புள்ள, பிள்ளைக்குத்தான் மகளே இல்லையே. மருமகன் எங்கன இருந்து வந்தான்?"

வந்தவர் மகளைக் கட்டிய மருமகன் இல்லை. அக்காள் மகன். பிள்ளையின் குடும்பம் தாய்வழிக் குடும்பம். தறவாடு என்பார்கள். அங்கே தறவாட்டுச் சொத்து மகனுக்கு வராது, அக்காள் தங்கை பிள்ளைகளுக்குத்தான் போகும். குடும்பத்துக்குப் பெரியவராக இருந்த மாமன் பேரில் வாங்கியது எல்லாம் தறவாட்டுச் சொத்து, ஆகவே இந்த ஏலக்காடும் தறவாட்டுச் சொத்து. இவ்வளவையும் பரமேஸ்வரன் நல்ல தமிழில், மரியாதையாக எடுத்துச் சொன்னார். சுருளியாண்டி விளக்கு வைத்துச் சத்தியம் வாங்கிய மகனுக்கு அந்தக் காட்டில் ஒரு தூர் செடிகூடக் கிடையாதாம். இல்லாத பாத்தியதையை விட்டுக்கொடுக்க அவனுக்கு என்ன வலிக்கப் போகிறது.

பரமேஸ்வரன் கெட்டவராகவும் தெரியவில்லை, அதுதான் வயிற்றெரிச்சல். "நீங்க இறங்கிப் போக வேண்டாம். இப்ப மாதிரியே இருந்துக்கலாம். பேருக்கு வருசத்துல கொஞ்சம் காய் கொடுத்தா மதி, அது போதும். ஒரு பாட்டச்சீட்டு மட்டும் எழுதித் தரணும்" என்றார். காடு உங்களுடையது, நாங்கள் குத்தகைக்கு இருக்கிறோம் என்று எழுதிக் கொடுப்பதற்குத்தான் பாட்டச்சீட்டு என்று பேர்.

சுருளியாண்டிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. மறுவாரம் பரமேஸ்வரன் எழுத்துக்காரர் ஒருவருடன் வந்தார். சாக்கை விரித்து, சீட்டை எழுதி, ராமுத்தாயின் விரலில் மையையும் தடவியாகிவிட்டது.

"வாசிங்க" என்றாள் அவள்.

"எல்லாம் பேசினதுதான்."

"பேசுனது இருக்கட்டும். எழுதுனத வாசிங்க."

எழுத்துக்காரர் வாசித்தார். பாதிக்கு மேல் புரியவில்லை. 'பாட்டக்காரி ராமுத்தாய்' என்ற இரண்டு சொல் மட்டும் நன்றாகப் புரிந்தது. அவள் எழுந்தாள். விரலைத் துடைத்தாள். வைக்க மாட்டேன் என்றாள்.

"பேருதானே புள்ள" என்று கெஞ்சினார் சுருளியாண்டி. "பாட்டக்காரின்னா என்ன, காட்டுக்காரின்னா என்ன. செடி என்ன கேட்டுக்கிட்டா வளருது?"

"செடி கேக்காது. நாளைக்கு இவுக மருமகன் கேப்பாரு. அன்னைக்கு நான் வச்ச ரேகையத்தேன் எடுத்துக் காட்டுவாரு. என் காட்டுல நானே குத்தகைக்கு இருக்கேன்னு என் கையால சொல்லணுமாக்கும். நிலத்த வித்தவ நானு. குழி வெட்டுனவ நானு. யாருக்கும் நான் பாட்டக்காரி இல்ல."

"அப்ப கோர்ட்டுக்குப் போகணும்" என்றார் பரமேஸ்வரன்.

"போவோம்" என்றாள். கோர்ட்டு கிழக்கே இருக்கிறதா மேற்கே இருக்கிறதா என்றுகூட அவளுக்குத் தெரியாது.

அது வைகாசி கடைசி. மழை இறங்கிவிட்டால் இந்தப் பக்கத்து ஆட்கள் எல்லாம் கீழே வந்துவிடுவார்கள். மூன்று மாதம் மலையில் மனிதன் இருக்க முடியாது. காடு ஆளில்லாமல் கிடக்கும் சமயம் பார்த்துத் தன் ஆட்களை உள்ளே விடலாம் என்று பரமேஸ்வரன் காத்திருந்தார். ராமுத்தாய் இறங்கவில்லை. புல் வேய்ந்த குடிசையில் விறகைக் குவித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். சுருளியாண்டி மட்டும் திட்டிக்கொண்டே இறங்கிப் போனார். ஐந்தாம் நாள் கேப்பை மாவு, கருவாடு, அட்டை கடிக்காமல் காலில் பூசப் புகையிலை எல்லாவற்றையும் சுமந்துகொண்டு, அதே திட்டைத் திட்டிக்கொண்டே திரும்பி ஏறி வந்தார். ஆட்கள் இரண்டு தடவை வந்தார்கள். இரண்டு தடவையும் கோணிச்சாக்கைத் தலையில் மடித்துப் போட்டுக்கொண்டு வரப்புக்கல்லின் மேல் நின்றாள். கையில் அரிவாள் இருந்தது. களை வெட்டுகிற அரிவாள்தான். வந்தவர்கள் அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள நிற்கவில்லை.

மழை விட்டதும் வக்கீலைப் பார்க்கப் போனார்கள். இரண்டு நாள் நடை. ஒச்சாண்டியும் கூட வந்தார், வழிகாட்ட என்று. வக்கீல் அந்தச் சீமைக்காரர், வயதானவர். மூன்றே கேள்வி கேட்டார். காசு யாருடையது, காகிதம் யாரிடம் இருக்கிறது, காட்டில் யார் இருக்கிறார்கள். ராமுத்தாய் பண்ணைப்புரத்து நிலம் விற்ற பத்திரத்தை வைத்தாள். மஞ்சள் துணியைப் பிரித்தாள். "காட்டுல நாந்தேன் இருக்கேன். மழைக்கும் இறங்கல" என்றாள்.

வக்கீல் பாட்டச்சீட்டுக் கதையைக் கேட்டுவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். "அதில் மட்டும் ரேகை வச்சிருந்தா என்னால ஒண்ணும் செய்ய முடியாது, அம்மா. குத்தகைக்குன்னு எழுதிக் கொடுத்தவ அப்புறம் என் சொத்துன்னு சொல்ல முடியாது" என்றார்.

சுருளியாண்டி தரையைப் பார்த்தார்.

"அது போகட்டும். முதல்லயே உங்க பேரில் எழுதாம ஏன் இன்னொருத்தர் பேரில் எழுதினீங்க?"

"வெளிச்சீமைக்காரக பேருல எழுத மாட்டாகன்னு சொன்னாக" என்றார் ஒச்சாண்டி.

"யார் சொன்னது?"

"எல்லாருந்தேன்."

"கச்சேரியில் போய் யாராவது கேட்டீங்களா?"

ஒச்சாண்டி மேல்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். கேட்கவே இல்லை. ஒருத்தன் சொன்னதை ஒருத்தன் சொல்லி, அதை நம்பி ஒரு பொம்பளையின் நிலம் அந்தரத்தில் தொங்கியது. தூக்கிப் போட்டு மிதிக்கலாம் போலத்தான் இருந்தது ராமுத்தாய்க்கு. மூத்தவராய் இருந்ததால் தப்பித்தார்.

வழக்கு நடந்தது. எட்டுத் தடவையோ ஒன்பது தடவையோ மலை ஏறி, அந்தப் பக்கம் இறங்கி, வாய்தா வாங்கித் திரும்பி வந்தார்கள். கடைசியில் இடத்தைப் பார்த்து வர கோர்ட்டு ஒரு கமிஷனரை அனுப்பியது. "அவரவர் எல்லையைக் காட்டுங்கள்" என்றார் அவர். பரமேஸ்வரன் ஓடைவரைக்கும் போனார். அங்கே வேட்டியைத் தூக்கிப் பார்த்தார், காலில் ஏழெட்டு அட்டை. அதற்குமேல் அவருக்கு எல்லை தெரியவில்லை. ராமுத்தாய் முன்னால் நடந்தாள். மண்ணுக்குள் புதைந்து கிடந்த எல்லைக்கல்லை நின்ற இடத்தில் சருகைத் தள்ளிக் காட்டினாள். இடி விழுந்த மரத்தைக் காட்டினாள். எந்தத் தூர் எந்த வருசம் வைத்தது என்று சொன்னாள். கமிஷனருக்கு மூச்சு வாங்கியது, எழுதுவதை மட்டும் நிறுத்தவில்லை.

1927 மாசியில் தீர்ப்பு வந்தது. பிள்ளை பேருக்குத்தான் வாங்கினார், காடு ராமுத்தாயுடையது என்று. பரமேஸ்வரன் கோர்ட்டு வாசலில் அவளைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டார். அவளும் போட்டாள். மனிதர் அந்த மட்டில் மரியாதைக்காரர்.

ஒரு வேலை பாக்கி இருந்தது. தீர்ப்பு நகலோடு கச்சேரிக்குப் போனார்கள். கிளார்க் புரட்டிப் பார்த்துவிட்டு, "இனி போக்குவரவு செய்யணும்" என்றார்.

சுருளியாண்டிக்கு முகம் செத்துப்போனது. "இன்னுமா? நாலு வருசமா அதத்தானய்யா செஞ்சுக்கிட்டிருக்கோம். காலு தேஞ்சு போச்சு."

கிளார்க் சிரித்துவிட்டார். கணக்கில் பழைய பேரை எடுத்துவிட்டுப் புதுப் பேரைச் சேர்ப்பதற்கு அந்தச் சீமையில் போக்குவரவு என்று பேராம். பேனாவை மையில் தொட்டுக்கொண்டு கேட்டார். "ஆரிட பேரில் எழுதேண்டது?"

ஒச்சாண்டி முந்திக்கொண்டார். "தம்பி பேருல எழுதிருங்கய்யா. சுருளியாண்டின்னு. பொம்பள பேருல இருந்தா தொட்டதுக்கெல்லாம் அவ மலையேறி வரணும். ஆம்பள பேருன்னா சுளுவு."

சுளுவு. அந்தச் சொல் காதில் விழுந்ததும் ராமுத்தாய்க்கு உச்சந்தலைவரை ஏறியது. அரிசிக்கடைக்காரர் பேரில் எழுதச் சொன்ன அதே வாய், அதே சொல். அவள் குரலை உயர்த்தவில்லை.

"மச்சான், நீங்க சொன்ன சுளுவுல நான் ஒரு தடவ நடந்து பாத்துட்டேன். பிள்ளை நல்லவருதேன். என் புருசனும் நல்லவருதேன். நல்லவுக பேருல எழுதி நான் பட்டது போதும். என் காட்டுக்கு என் பேரு. தொட்டதுக்கெல்லாம் ஏறி வாரேன், எனக்குக் காலு இருக்கு."

கிளார்க் பேனாவைத் தூக்கிப் பிடித்தபடி சுருளியாண்டியைப் பார்த்தார். ஒச்சாண்டியும் பார்த்தார். சுருளியாண்டி இடுப்பில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து, உதறி, தோளில் போட்டுக்கொண்டார்.

"அவ காடுய்யா அது. அவ பேருல எழுதுங்க" என்றார்.

கிளார்க் எழுதினார். ராமுத்தாய், பண்ணைப்புரம். எழுதியதைத் திரும்ப வாசிக்கச் சொல்லி, முழுதும் கேட்டபிறகுதான் அவள் கட்டைவிரலை நீட்டினாள். அழுத்தி வைத்தாள். சாட்சி ஒருவர் வேண்டும் என்றார் கிளார்க். சுருளியாண்டி முன்னால் வந்து தன் ரேகையையும் வைத்தார். வைத்துவிட்டு, மை அப்பிய விரலை எங்கே துடைப்பது என்று தெரியாமல் அங்குமிங்கும் பார்த்தார்.

ராமுத்தாய் தன் முந்தானையை நீட்டினாள்.