உள்ளறையிலிருந்து வந்த கேள்வி

வெட்கத்தை விட்டுச் சொல்லிவிடுகிறேன். ‘நிபுணர்’ என்று ஆங்கிலத்தில் பொன்னெழுத்தில் அச்சடித்த ஒரு காபிக் கோப்பையை, வருகிறவர்கள் கண்ணில் எழுத்து படும்படி திருப்பி ஷோகேஸில் வைத்திருந்தேன். அதில் ஒருநாளும் காபி குடித்ததில்லை. கழுவினால் பொன் போய்விடுமோ என்று பயம். யாராவது அதைப் பார்க்காமலே உட்கார்ந்துவிட்டால், தூசி தட்டுகிற சாக்கில் கையில் எடுத்து அவர்கள் முகத்துக்கு நேராக ஊதுவேன். மாணவர்களின் கேள்விகளுக்கு இணையத்தில் பதில் எழுதித் தரும் ஒரு நிறுவனம் அனுப்பிய பரிசு அது. இன்று அதைப் பார்த்தால் என் நிபுணத்துவம் நினைவுக்கு வருவதில்லை. கெமிஸ்ட்ரி மேடத்தின் வீட்டுக் கூடமும், அங்கே ஒரு முற்பகலில் பாதியில் நின்றுபோன குக்கர் விசிலும்தான் வருகின்றன.

ஆம்பூரில் ஒரு சின்ன மெட்ரிகுலேஷன் பள்ளியில் நான் ஆங்கிலம், அவர் வேதியியல். பார்த்து எழுதுகிறவர்களை அவர் அடிக்க மாட்டார், திட்டவும் மாட்டார். பார்த்து எழுதியவன், காட்டியவன் இருவரையும் கரும்பலகைக்கு அழைத்து, முதுகோடு முதுகு நிற்க வைத்து, ஒரே கணக்கைக் கொடுப்பார். “இப்போ தெரியும், ரெண்டு பேர்ல யாரு மூளை, யாரு கைன்னு.” வகுப்பு சிரித்து முடிப்பதற்குள் ‘கை’ அழுதுவிடும். ஆசிரியர் அறையில் நாங்களும் அதை வைத்துத்தான் பேசிக்கொள்வோம். தலைமையாசிரியர் ‘கை’ என்பதில் எங்களுக்குள் கருத்து வேறுபாடே இருந்ததில்லை.

ஊரடங்கு வந்தது. பள்ளி மூடியது, சம்பளமும் மூடியது. மேடத்தின் கணவர் வேலை பார்த்த தோல் தொழிற்சாலையில் ஆட்களைப் பாதியாகக் குறைத்துவிட்டார்கள். அந்தச் சமயத்தில் இந்தப் பதில் எழுதும் வேலையைக் கண்டுபிடித்து மேடத்தையும் சேர்த்துவிட்டவன் நான். கேள்வி புகைப்படமாக வரும். ஏற்றுக்கொண்டால் சில நிமிடங்களில் பதிலை அனுப்பிவிட வேண்டும். அதற்குக் ‘கற்றல் துணை’ என்று நிறுவனம் பெயர் வைத்திருந்தது. கேள்விகள் ஏனோ பரீட்சை நேரங்களில் மட்டும் மழையாகக் கொட்டும். “பாருங்க மேடம், ஊர்ல இருக்கிற அத்தனை பசங்களுக்கும் ஒரே நேரத்துல அறிவுத் தாகம் எடுக்குது” என்பேன். அவர் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், “தெரியாத மாதிரி இருங்க சார். நானும் அப்படித்தான் இருக்கணும்” என்பார். வகுப்பில் மூளையையும் கையையும் பிரித்துக் காட்டியவர் இப்போது முகம் தெரியாத கைகளுக்கெல்லாம் மூளையாக இருந்தார். நாங்கள் இருவருமே அதைப் பற்றிப் பேசிக்கொள்ளவில்லை.

அவர் மகள் கல்லூரியில் அதே வேதியியல் படித்துக்கொண்டிருந்தாள். பள்ளியில் என் மாணவி. ஒருநாள் என் வீட்டுக்கு வந்தபோது வழக்கம்போலக் கோப்பையை ஊதிக் காட்டினேன். இன்னா சார் இது என்று கேட்டாள். கேட்டதுதான் தாமதம், எந்தப் பாடத்தில் எந்தக் கேள்வியைப் போட்டாலும் தோசை வேகிற நேரத்தில் பதில் வந்து விழும் என்று நிறுவனத்தின் பிரச்சாரகனைப் போல ஒரு பிரசங்கமே செய்து முடித்தேன். அவள் மரியாதையாகத் தலையாட்டினாள்.

அந்த முற்பகலில் எங்கள் தெருவில் மின்தடை. மேடத்தின் வீட்டில் இன்வெர்ட்டர் இருந்ததால் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு அங்கே போயிருந்தேன். மேடம் வாசலிலேயே விரலை உதட்டில் வைத்தார். மகளுக்கு உள்ளறையில் ஆன்லைன் பரீட்சை. மின்விசிறி சத்தம் போடுகிறது என்று கூடத்து விசிறியை நிறுத்தியிருந்தார். குக்கர் முதல் விசிலை ஆரம்பித்ததும் ஓடிப்போய் அடுப்பையே அணைத்தார். எனக்கு இருமல் வந்தபோது தண்ணீர்ச் செம்பை நீட்டி, “முழுங்கிடுங்க சார், பாப்பா கெமிஸ்ட்ரி பேப்பர் எழுதுது” என்றார். இருமலை விழுங்கிய அனுபவம் எனக்கு அன்றுதான்.

நான் என் பக்கத்தில் யாரோ ஒருவனுக்காக ஒரு கட்டுரையை நீட்டிக்கொண்டிருந்தேன். பக்கத்து நாற்காலியில் தட்டச்சு ஓசை நின்றதை முதலில் கவனிக்கவில்லை. “சார்” என்றார். குரல் அவருடையதாகவே இல்லை. மடிக்கணினியை என் பக்கம் திருப்பினார். வழக்கமான புகைப்படம்தான், திரையில் தெரிந்த ஒரு கேள்வியை அவசரமாக எடுத்தது. மூலையில் மேசையின் ஓரம் விழுந்திருந்தது. அதன்மேல் கடுகு நிறத்தில் ஒரு தோல் விரிப்பு, அதில் இஸ்திரிப் பெட்டியின் மூக்கு பதிந்த கருகல்.

எங்கள் பக்கத்தில் தோல் துண்டு இல்லாத வீடு கிடையாது. ஆடுகிற கட்டில் காலுக்கும் அதுதான், சூடான பாத்திரத்துக்கும் அதுதான். ஆனால் கடுகு நிறமும் அந்தக் கருகலும் ஒரே ஒரு துண்டில்தான் உண்டு. சாயம் சரியாக ஏறவில்லை என்று கம்பெனியில் கழித்ததை அவர் கணவர் மகளின் மேசைக்காகக் கொண்டுவந்து போட்டிருந்தார். கருக்கியது மேடம்தான். அதற்காக மகள் ஒரு வாரம் பேசாமல் இருந்த கதையை அவரே சொல்லியிருக்கிறார்.

உள்ளறைக்கும் கூடத்துக்கும் நடுவில் ஒரு மரக்கதவு. அந்தக் கேள்வி கதவைத் தட்டாமல், கடல் தாண்டி ஏதோ ஒரு கணினிக்குப் போய், சுற்றிக்கொண்டு அம்மாவிடமே வந்து நின்றது. திரையில் நேரம் குறைந்துகொண்டிருந்தது. எழுந்து போய்க் கதவை இடிப்பார் என்று நினைத்தேன். அவர் இடிக்கவில்லை. “நான் தள்ளிவிட்டா வேற எவனாவது எழுதிக் குடுப்பான்” என்றார், தனக்குத்தானே சொல்வதுபோல. பிறகு பதில் பெட்டியில் தமிழில் ஒரு வரி அடித்தார்.

“பாப்பா, சோறு ரெடியாயிடும். தெரிஞ்சதை எழுதிட்டு வா. அம்மா.”

அனுப்பிவிட்டு எழுந்துபோய் அடுப்பைப் பற்றவைத்தார். குக்கர் விட்ட இடத்திலிருந்து கத்தியது. உள்ளே ஒரு சத்தமும் இல்லை. கதவு திறந்தபோது பரீட்சை நேரம் இன்னும் பாதி மிச்சம் இருந்தது. அவள் தட்டை எடுத்துவைத்து உட்கார்ந்தாள், மேடம் பரிமாறினார். யாரும் யாரையும் பார்க்கவில்லை. நான் அங்கே இல்லாதவனாக இருக்க முயன்று, ரசத்தை மோர் என்று நினைத்து இரண்டு முறை வாங்கிக்கொண்டேன்.

அந்தத் தாளில் அவள் தேறவில்லை. பிறகொரு நாள் என்னை வழியனுப்ப வாசல்வரை வந்து அதைச் சொன்ன மேடம், “ஃபெயிலானது பேஜார் இல்ல சார். பக்கத்து ரூம்லதானே இருந்தேன்? ஒரு குரல் குடுத்திருக்கலாம்ல?” என்றார்.

“குடுத்திருந்தா பதிலைச் சொல்லியிருப்பீங்களா மேடம்?”

செருப்பை மாட்டிய நான் தெருவில் இறங்கும்வரை அவர் யோசித்தார். “அதான் சார் தெரியல.”

வேலையை விடுவார் என்று எதிர்பார்த்தேன். விடவில்லை, கல்லூரிக் கட்டணம் அந்த வேலையிலிருந்துதான் போய்க்கொண்டிருந்தது. நம் ஊர்ப் பாடத்திட்டம் வேண்டாம், வெளிநாட்டுக் கேள்விகள் மட்டும் கொடுங்கள் என்று நிறுவனத்துக்கு எழுதி மாற்றிக்கொண்டார். நல்லதுதானே என்றேன். “இன்னா நல்லது? அங்கயும் கதவுக்கு இந்தப் பக்கம் யாரோ ஒருத்தி அடுப்பை அணைச்சுட்டு உக்காந்திருப்பா” என்றார். நிபுணர் கோப்பை அன்றிரவே ஷோகேஸில் முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டது.

இப்போது அந்த வேலையே இல்லை. பதில் எழுத இயந்திரங்கள் வந்துவிட்டன. அவற்றுக்கு எந்த மேசை விரிப்பும் அடையாளம் தெரியாது. மேடம் பேரணாம்பட்டுப் பக்கம் ஒரு பள்ளிக்குப் பஸ்ஸில் போய் வருகிறார். கரும்பலகைக்கு யாரையும் முதுகோடு முதுகாக நிற்க வைப்பதில்லையாம். மகள் அடுத்த முறை தானாகவே படித்துத் தேறி, ஒரு ஷூ கம்பெனியின் பரிசோதனைக் கூடத்தில் இருக்கிறாள். கடுகு நிற விரிப்பு அந்த மேசையிலேயேதான் கிடக்கிறது. இருவரும் அதை எடுக்கவும் இல்லை, அதைப் பற்றிப் பேசவும் இல்லை.

போன மாதம் அவள் என் வீட்டுக்கு வந்திருந்தாள். கோப்பையில் இப்போது எழுதாத பேனாக்களைப் போட்டு வைத்திருக்கிறேன். அவள் அதைப் பார்த்ததும் எனக்கு மனசு தாங்கவில்லை. “தப்பு என்மேலதாம்மா. நான்தான் இதைக் காட்டி உன்னைக் கெடுத்தேன்” என்றேன். இத்தனை வருடம் சுமந்ததை இறக்கிவைத்த நிம்மதியில் கண்கூடக் கலங்கியது.

அவள் சிரித்தேவிட்டாள்.

“ஐயோ, அதெல்லாம் இல்ல சார். எங்க கிளாஸ்ல எல்லாருக்கும் அந்த சைட்டு முன்னாடியே தெரியும். இங்கிலீஷுக்கு மட்டும் அதுல கேக்காதீங்க, எவனோ ஒருத்தன் ஜாஸ்தி நீட்டுறான், மார்க் கம்மியாவுதுன்னு குரூப்லயே போட்டிருந்தாங்க.”