கரன்ட் இல்லாமல் படிக்கக்கூடிய புத்தகம்

எனக்கு அப்போது முப்பத்திரண்டு வயது. பொறுமை அன்றும் இல்லை, இன்றும் இல்லை. திருகோணமலைத் துறைமுகத்துக்குக் கிட்ட இருந்த ஒரு தொழில்நுட்ப நிலையத்தில் கணினி படிப்பித்துக்கொண்டிருந்தேன். இருபத்திரண்டு மாணவர்களுக்கு மூன்று கணினிகள். அவற்றில் ஒன்று எந்நேரமும் கோபித்துக்கொண்டு படுத்திருக்கும். கரன்ட் தன்பாட்டில் வரும், தன்பாட்டில் போகும். ஜெனரேட்டர் ஒன்று இருந்தது. அதற்கு டீசல் கேட்டுக் கடிதம் எழுதி, முத்திரை குத்தி அனுப்பினால், அனுமதி வரும்போது தவணை முடிந்திருக்கும்.

அந்த வருடம் பாடத்திட்டத்தில் தரவுத்தள வடிவமைப்பு புதிதாகச் சேர்ந்தது. எந்தெந்த விடயங்களைப் பற்றிய தகவலை வைத்திருக்கப் போகிறோம், அவற்றுக்குள் என்ன தொடர்பு என்று முதலில் யோசிக்க வேண்டும். விடயம் ஒவ்வொன்றுக்கும் ஒரு பெட்டி, தொடர்பு ஒவ்வொன்றுக்கும் ஒரு கோடு. கணினியைத் தொடுவதற்கு முன் அதைத் தாளில் வரைந்து சரிபார்க்க வேண்டும். பாடம் அவ்வளவுதான். மாணவர்களுக்கு எட்டுப் பிரதிகள் வாங்கலாம், புத்தகத்தை நீங்களே தெரிவு செய்யுங்கள் என்று பொறுப்பாளர் சொல்லிவிட்டார். கொழும்புக் கடையொன்றுக்கு எழுதினோம். அவர்கள் மாதிரிக்கு இரண்டு புத்தகங்களை லொறியில் அனுப்பி, வேண்டாததை இரண்டு கிழமைக்குள் திருப்பி அனுப்பச் சொன்னார்கள்.

ஒன்று தடித்தது. வழுவழுப்பான தாள், நிறப் படங்கள், பின்னட்டைக்குள் ஒரு டிஸ்க். மற்றது மெல்லியது. கறுப்பு வெள்ளை, அட்டைகூட மங்கல். என்னோடு படிப்பித்த மற்ற ஆசிரியருக்குத் தடித்த புத்தகத்தைக் கண்டதும் முகம் மலர்ந்துவிட்டது. என்னைவிட நாலைந்து வயது மூத்தவர், அநுராதபுரத்தில் வேலை செய்து நல்ல சிங்களம் பேசப் பழகியவர்.

"டிஸ்க்கும் இருக்கு, பாத்தனீங்களே?" என்றார்.

"பாத்தனான். கரன்ட் இல்லாத நேரம் அதை எதுக்குள்ள போடுறது, நெருப்புப் பெட்டிக்குள்ளயோ?"

"நல்ல சாமான் ஒண்டைக் கண்டு நீங்கள் சந்தோசப்பட்டதை நான் ஒரு நாளும் காணேல்ல."

அது உண்மைதான். ஆனால் தடித்த புத்தகத்தின் இரண்டாம் பாடத்திலேயே கணினியைத் திற, இதை அழுத்து, அதை அழுத்து என்று தொடங்கிவிடுகிறது. மெல்லிய புத்தகமோ ஏழாம் பாடம் வரைக்கும் பென்சிலும் தாளும் போதும் என்றிருந்தது. எங்கள் ஊருக்கு ஏற்றது அதுதான் என்று எனக்குப் பட்டது. பட்டால் போதாது, ஒரு மாணவி தனியே வாசித்து விளங்கிக்கொள்கிறாளா என்று பார்க்க விரும்பினேன்.

அதற்கு மூதூரிலிருந்து வந்த பிள்ளையைத் தெரிவு செய்து, மெல்லிய புத்தகத்தை அவளிடம் கொடுத்து விட்டேன். காலை லோஞ்சில், பயணிகள் இயந்திரப் படகில், குடாவைக் கடந்து வந்து, பின்னேரக் கடைசி லோஞ்சில் திரும்புபவள். வகுப்பில் ஆங்கிலம் ஆகக் குறைவு அவளுக்குத்தான். அவளுக்கு விளங்கினால் எல்லாருக்கும் விளங்கும் என்பது என் கணக்கு. சேர்ந்த முதல் நாளே அவள் ஒன்றைச் சொல்லியிருந்தாள். "வாப்பா ஒரு கதைதான் சொன்ன, டீச்சர். வழியில ஒரு பிரச்சினை வந்தாலும் அண்டையோட படிப்பு முடிஞ்சுதாம்." சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். சண்டை நடந்த அந்தக் காலத்தில் எல்லா வீட்டிலும் அப்படி ஒரு கதை இருந்தது. நான் அதைக் காதில் போட்டுக்கொண்டேனே தவிர, மனதில் போடவில்லை.

மெல்லிய புத்தகத்தில் எனக்குப் பிடிக்காத விடயம் ஒன்று இருந்தது. தொடக்கம் முதல் முடிவு வரைக்கும் உதாரணம் ஒன்றே: ஏதோ ஒரு வெளிநாட்டு நூலகம். அங்கத்தவர் ஒரு பெட்டி, புத்தகம் ஒரு பெட்டி, இரவல் ஒரு பெட்டி. அந்த நூலகத்தை வாசிக்க வாசிக்க எனக்கு எரிச்சல் வந்தது. இருபத்திரண்டு பேருக்கும் சொன்னேன்: "அந்த நூலகம் அங்கயே கிடக்கட்டும். நீங்கள் ஒவ்வொரு நாளும் கண்ணால காணுறதை வரைஞ்சு கொண்டு வாங்கோ."

வரைந்து வந்தார்கள். நிலாவெளிப் பிள்ளை ஆளில்லாத ஒரு ஹோட்டலை வரைந்தாள். உப்புவெளிப் பெடியன் பஸ்ஸை வரைந்தான். சீனன்குடாவிலிருந்து வருபவன், வீட்டு வாசலிலிருந்தே முகாமின் முள்ளுக்கம்பி தெரிகிறது என்று சொல்பவன், கால்பந்துக் குழு ஒன்றை வரைந்தான். அவனுக்கு இருந்த புத்தி எனக்கு இருக்கவில்லை. மூதூர்ப் பிள்ளை லோஞ்சை வரைந்தாள். படகு, ஜெட்டி, பயணம், பயணி என்று நாலு பெட்டி. பெயரெல்லாம் ஆங்கிலத்தில், அழகான எழுத்தில் இருந்தது. எல்லாவற்றிலும் திறமானது அதுதான். எனக்குப் பெருமை தாங்கவில்லை. சிவப்புப் பேனையை எடுத்து, நானும் ஆங்கிலத்தில் எழுதினேன்: "மிக நன்று. இன்னும் விவரம் சேர்க்கவும். எத்தனை மணிக்கு? எத்தனை பேர்?"

அடுத்த நாள் பின்னேரம் தாள் திருத்திக்கொண்டிருந்தபோது உப்புவெளிப் பெடியன் சைக்கிளில் மூச்சு வாங்க வந்தான். மூதூர்ப் பிள்ளையை ஜெட்டிச் சோதனைச் சாவடியில் மறித்து வைத்திருக்கிறார்கள், பையில் ஏதோ வரைபடம் இருந்ததாம் என்றான். என்ன வரைபடம் என்று நான் கேட்கத் தேவையிருக்கவில்லை. மற்ற ஆசிரியர் மோட்டார் சைக்கிளை எடுத்தார். நான் மேசையில் கிடந்த தடித்த புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு பின்னால் ஏறினேன். பாடம்தான் என்று காட்ட எதையாவது கொண்டு போக வேண்டும் என்பது மட்டும்தான் மூளையில் இருந்தது.

சாவடிக்குள் அவள் ஒரு மர வாங்கில் உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. முக்காட்டு நுனியை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். மேசையில் அவளுடைய பை, சாப்பாட்டுப் பெட்டி, அந்தத் தாள். கடற்படை அலுவலர் இளம் ஆள், மரியாதையான ஆள். மற்ற ஆசிரியர் சிங்களத்தில் நாங்கள் யார் என்று விளக்கினார். அலுவலர் தாளை என் பக்கம் திருப்பி, எத்தனை மணிக்கு, எத்தனை பேர் என்று சிவப்பில் எழுதியது யார் என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

"நான்தான்," என்றேன்.

துறைமுகத்து ஊரில், கடற்படை காவல் நிற்கும் கரையில், படகு எத்தனை மணிக்குப் போகிறது, எத்தனை பேர் ஏறுகிறார்கள் என்று விவரம் சேர்க்கச் சொல்லி ஒரு பிள்ளையின் கையில் எழுதிக் கொடுத்திருக்கிறேன். அதை அந்த மேசையில் பார்த்தபோதுதான் எனக்கே அது விளங்கியது.

பாடப் பயிற்சி என்று சொல்லித் தடித்த புத்தகத்தைத் திறந்து காட்டினேன். அது இன்னும் மோசமாகப் போயிற்று. அதில் படம் போடும் முறை வேறு, எல்லாம் சாய்சதுரமும் வட்டமும். அலுவலர் தாளைப் பார்த்தார், புத்தகத்தைப் பார்த்தார். இது அது போல இல்லையே என்றார். மற்ற ஆசிரியர் என்னை ஒரு பார்வை பார்த்தார்.

அப்போது அவள் வாயைத் திறந்தாள். "டீச்சர், மத்தப் புத்தகம் பைக்குள்ள இரிக்கி."

எடுத்தோம். பழைய கலண்டர் தாளால் உறை போட்டு வைத்திருந்தாள். மூன்றாம் பாடத்தைத் திறந்து தாளுக்குப் பக்கத்தில் வைத்தேன். அங்கே அங்கத்தவர் இருந்த இடத்தில் இங்கே பயணி. புத்தகத்துக்குப் பதில் படகு, இரவலுக்குப் பதில் பயணம். பெட்டிகூட அதே அளவு. அலுவலர் விரலால் ஒவ்வொரு கோடாகத் தொட்டு ஒப்பிட்டார். பயணத்திலிருந்து ஜெட்டிக்கு இரண்டு கோடுகள் இருந்தன. ஒன்று புறப்படும் ஜெட்டிக்கு, மற்றது போய்ச் சேரும் ஜெட்டிக்கு. இரண்டாவது கோட்டின் நுனியில் அவள் சின்ன வட்டம் ஒன்று போட்டிருந்தாள். இது என்ன என்று கேட்டார்.

அந்த வட்டத்தை நான் இன்னும் படிப்பிக்கவே இல்லை. அவள் லோஞ்சில் வைத்துத் தானாகப் படித்திருக்கிறாள். எழுந்து நின்று சொன்னாள். பாதி ஆங்கிலம், பாதி தமிழ். தமிழை மற்ற ஆசிரியர் சிங்களமாக்கினார்.

"வெளிக்கிட்ட இடம் கட்டாயம் எழுதோணும், சேர். போய்ச் சேருற இடம் சேந்த பிறகுதான் தெரியும். வழியில திருப்பி அனுப்பினாலும் அனுப்புவாங்க. அதுக்குத்தான் வட்டம். அந்த இடத்த வெறுமையா விடலாம்."

அந்த வட்டம் புத்தகத்தில் எந்தப் பக்கம் என்று அலுவலர் கேட்டார். அவள் புரட்டிக் கொடுத்தாள். நின்றபடியே அந்தப் பக்கத்தை முழுதாக வாசித்தார். பிறகு புத்தகத்தை அவளிடம் கொடுத்து, தாளை மடித்துத் தன் மேசை லாச்சிக்குள் வைத்து, அவள் போகலாம் என்றார். இனி வேறு எதையாவது வரையச் சொல்லுங்கள் என்று என்னிடம் சொன்னார். அதைச் சத்தம் போட்டுச் சொல்லியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

கடைசி லோஞ்ச் போய்விட்டிருக்கும் என்றுதான் நினைத்தோம். போகவில்லை. லோஞ்ச்காரர் எஞ்சின் மூடியைக் கழற்றி வைத்துக்கொண்டு குனிந்து நின்றார். அவள் ஏறியதும் மூடியைப் பூட்டினார். எஞ்சின் முதல் இழுவையிலேயே பிடித்தது.

"ஒரு பிழையும் இல்லாத எஞ்சினை அரை மணித்தியாலமாத் திருத்தியிருக்கிறான்," என்றார் மற்ற ஆசிரியர்.

அடுத்த நாள் அவள் வரவில்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. புத்தகத்தைத் திருப்பி அனுப்பும் தவணை நெருங்கியது. நான் ஒவ்வொரு நாளும் காலை லோஞ்ச் வரும் நேரம் யன்னலால் பார்த்தேன். வகுப்பில் தொட்டதற்கெல்லாம் எரிந்து விழுந்தேன். நாலாம் நாள் அவளுடைய வாப்பா வந்தார். வெள்ளைச் சாரம், மடிப்புக் கலையாத சேட்டு, கையில் கலண்டர் உறை போட்ட அந்தப் புத்தகம். கதிரையின் விளிம்பில் இருந்தார்.

"புள்ள இனி வரமாட்டா, டீச்சர். கோவிக்கப்படாது."

"பிழை என்ர. அவ ஒண்டும் செய்யேல்ல. நான்தான் வரையச் சொன்னனான்."

"ஆர்ர பிழையெண்டு பாத்து என்ன செய்ற. எனக்கு ஒரு புள்ளதான் இரிக்கி."

வேறு நேரமென்றால் வாதாடியிருப்பேன். பெண் பிள்ளையின் படிப்பை நிறுத்தலாமா என்று அரை மணித்தியாலம் பேசியிருப்பேன். எந்த வாயால் பேசுவது? அவர் புத்தகத்தை மேசையில் வைத்தார். ஆனால் கையை எடுக்கவில்லை.

"இத வீட்ட வெச்சுப் படிக்கேலுமா? மிசின் இல்லாம?"

"ஓம். ஏழாம் பாடம் வரைக்கும் ஏலும்."

"அப்ப ஏழு வரைக்கும் படிக்கட்டும்," என்று புத்தகத்தைத் திரும்ப எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

அன்று மத்தியானம் மற்ற ஆசிரியர் தடித்த புத்தகத்தைத் தானே பார்சல் கட்டினார். டிஸ்க் அசையாமல் இருக்கச் சுற்றிவரக் கடதாசி வைத்தார். நான் வென்றுவிட்டேன் என்று பகிடி விடுவார் என்று பார்த்திருந்தேன். அவர் முடிச்சை இறுக்கிவிட்டுக் கடிதத்துக்குத் தாள் எடுத்தார். மெல்லிய புத்தகத்தில் எட்டுப் பிரதிகளுக்குக் கடிதம் எழுதினோம்.

பிறகு இரண்டு கிழமைக்கு ஒரு தரம் வாப்பா திருகோணமலைச் சந்தைக்கு வரும்போது அவளுடைய பயிற்சித் தாள்களைக் கொண்டு வந்து தருவார். அடுத்த முறை நான் திருத்தியதை வாங்கிப் போவார். சிவப்புப் பேனையை நான் அதற்குப் பிறகு தொடவில்லை. பென்சிலால்தான் திருத்தினேன். தாள்கள் எல்லாவற்றிலும் ஒரே உதாரணம்தான். அங்கத்தவர், புத்தகம், இரவல். லோஞ்ச் இல்லை, ஜெட்டி இல்லை, கடல் இல்லை. அவள் பள்ளிக்கூடத்தில் நூலகம் என்று இருந்தது பூட்டிய ஓர் அலுமாரி மட்டும்தான் என்று வாப்பா ஒரு முறை பேச்சுவாக்கில் சொன்னார். இரவல் கொடுக்கும் நூலகம் ஒன்றுக்குள் அவள் கால் வைத்ததே இல்லை. காணுவதை வரையச் சொல்லிப் பெரிய கதை கதைத்தவள் நான். காணாத நூலகத்தை அவள் ஒரு கோடு பிசகாமல் வரைந்து அனுப்பினாள்.

ஏழாம் பாடத்தின் தாள் வந்தது. வழக்கமான நூலகம்தான். பெட்டிகள் சரி, கோடுகள் சரி, வட்டமும் உரிய இடத்தில் இருந்தது. அடியில் தமிழில், அதே அழகான எழுத்தில், ஒரு வரி எழுதியிருந்தாள்: "டீச்சர், இதில் இன்னும் விவரம் சேர்க்கவா?"

வாப்பா வாசலில் நின்றிருந்தார். அவருக்கு லோஞ்சுக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. பென்சிலை எடுத்து, "இது போதும், பிள்ளை" என்று எழுதி மடித்துக் கொடுத்தேன்.