மனுவில் எழுதாதது

திங்கட்கிழமை எனக்குத் தண்ணீர் குடிக்க நேரம் இருக்காது. கோவை கலெக்டர் ஆபீஸில் அன்றைக்குத்தான் மனு வாங்குவார்கள். எதிர்ப்புறம் மடக்கு மேசை போட்டு எழுதிக் கொடுப்பது என் பிழைப்பு. கதையெல்லாம் கொட்டிவிட்டுப் பாதியில் என் கையைப் பிடித்துக்கொள்வார்கள், "இத மட்டும் எழுதிப்போடாதீங்க" என்று. சரி என்பேன். வீட்டுக்குப் போய் ஒரு நீள நோட்டில் அதை மட்டும்தான் எழுதுவேன். நோட்டு இருப்பது வீட்டுக்காரருக்குக்கூடத் தெரியாது. வெறும் வாயை மெல்லுகிற எனக்கு ஊர்க்கதை அவல் மாதிரி. அதை வெளியே விடாமலிருக்க நோட்டை விட்டால் வேறு வழி இல்லை.

போன வருடம் ஒரு அம்மா வந்தார். ஊரை மாற்றிச் சொல்கிறேன், பொள்ளாச்சிப் பக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மூட்டுவலி. நடைபாதை ஏறவே என் தோளைப் பிடிக்க வேண்டியிருந்தது. மூன்று வருடமாக மகளைக் காணோம், கண்டுபிடித்துத் தரச் சொல்லி மனு வேண்டும் என்றார். போட்டோவைப் பார்த்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

அந்தப் பெண் அதற்கு ஆறு மாதம் முன்பு இதே ஸ்டூலில் உட்கார்ந்து ரேஷன் கார்டுக்கு மனு எழுதிப் போனவள். வேறு சாதிப் பையனைக் கட்டிக்கொண்டு மேட்டுப்பாளையத்தில் இருந்தாள். அப்பாவுக்குத் தெரிந்தால் புருஷனை உயிரோடு விடமாட்டார், அம்மாவை மட்டும் ஒருதரம் பார்க்கணும் என்றாள். எழுத வேண்டாம் என்றாள். அதனால் என் நோட்டில் இருந்தாள்.

"ஊட்டுக்காரருக்குத் தெரியாதுங்க, ஆஸ்பத்திரி போறேன்னு சொல்லிப்போட்டு வந்தேன். இத எழுதிராதீங்க அம்மணி" என்றார் அம்மா. மனுவைக் கொடுத்தால் அது அவர் ஊர் ஸ்டேஷனுக்குத்தான் போகும். போலீஸ் முதலில் கூப்பிடுவது அந்த ஊட்டுக்காரரைத்தான். பாவம், அது அந்த அம்மாவுக்குத் தெரியவில்லை.

உங்க பொண்ணு நல்லா இருக்கா என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது. கடித்துக்கொண்டேன். புருஷன் அனுப்பித்தான் வந்திருக்கிறாரோ என்னவோ, யார் கண்டது? ஆதார் நகல் இல்லாமல் வாங்க மாட்டார்கள், அடுத்த வாரம் வாங்க என்று வாய்கூசாமல் பொய் சொன்னேன். அவர் அழுதுகொண்டே நொண்டி நொண்டிப் போனார். எனக்குச் சோறு இறங்கவில்லை.

பெண்ணின் நம்பர் நோட்டில் இருந்தது. கூப்பிட்டுச் சொன்னேன்.

"அம்மா தனியாத்தான் வந்துச்சுங்களா அக்கா?"

"தனியாத்தான் கண்ணு. கால நொண்டிக்கிட்டு வந்தாங்க."

அழுகையோடு, "வாரேனுங்க" என்றாள்.

அடுத்த திங்கட்கிழமை விடிந்ததும் வந்து, மடியில் கைக்குழந்தையோடு என் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். ரோட்டுக்கு அந்தப்பக்கம் அம்மா, பிளாஸ்டிக் பையில் ஆதார் நகலோடு. பார்த்தார். என் தோளைப் பிடித்து ஏறிய மனுஷி, ஆட்டோக்காரர் திட்டத் திட்ட ஓடிவந்தார். குழந்தையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு மகள் கன்னத்தையே தடவிக்கொண்டு நின்றார். எனக்கும் கண் நிறைந்துவிட்டது.

போகும்போதுதான் என்னிடம் திரும்பினார்.

"மூட்டுக்கு வாராவாரம் வரச் சொல்லிட்டாங்கன்னு ஊட்டுல சொல்லிக்கிறேன். இதையும் எழுதிராதீங்க."

சரிங்க என்றேன். இப்போது திங்கட்கிழமை காலையில் ஒரு ஸ்டூலில் அம்மா, இன்னொன்றில் மகள்; எனக்கு இடம் கிடைப்பதில்லை. நின்றுகொண்டுதான் எழுதுகிறேன்.