ஈசானிய மூலையில் மஞ்சள்

பெரம்பலூர் புது பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே, மாடியில் இருக்கும் எங்கள் டிராயிங் ஆபீஸில், அளவு விஷயத்தில் மணிமொழி அக்காவோடு வாதாடி ஜெயித்தவர் யாரும் கிடையாது. இருபத்தோரு வருஷமாக அவருக்கு ஒரே வேலைதான். பழைய நில வரைபடத்தை டிஜிட்டைசர் பலகையில் செல்லோடேப் போட்டு ஒட்டுவார். மவுஸ் மாதிரி ஒரு கருவி, அதன் முனையில் கண்ணாடி வளையம், வளையத்துக்குள் கூட்டல் குறி. அதைப் படத்தில் மூலைக்கு மூலை வைத்து அழுத்தினால் கம்ப்யூட்டரில் அந்த நிலம் அளவோடு எழும்பி வரும். ஸ்கேனர் வந்துவிட்டது. ஆனால் தொட்டால் கிழியும் தாளை அதற்குள் விட யாருக்குத் தைரியம்?

வரப்புத் தகராறோடு வருகிறவர், "ஒரு அடி கொறையுதேம்மா" என்று இழுத்தால், "போர்டு பொய் சொல்லாதுங்க. நீங்க அளந்த டேப்புதான் பொய் சொல்லும்" என்பார். வந்தவர் வாயை மூடிக்கொண்டு போய்விடுவார். டீ கிளாஸைக்கூடப் பலகைக்கு ஆறடி தள்ளித்தான் வைக்க வேண்டும். நான் ஒருமுறை கையில் முறுக்கோடு கிட்டே போய் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

போன தை மாதம் அக்கா வீட்டிலேயே பாகப்பிரிவினை வந்தது. மாமனார் விட்டுப்போன ரெண்டு ஏக்கர் வெங்காயக் காடு, குரும்பலூரில். மேற்குப் பாதி கணவர் முத்தமிழ்செல்வனுக்கு, கிழக்குப் பாதி கொழுந்தனார் ராஜராஜனுக்கு. போர்வெல் வடக்கு வரப்போரம், ஏறக்குறைய நடுவில் இருந்தது. கோடு போட்டபின் எந்தப் பக்கம் விழுகிறதோ அவருக்கே அது என்று பேச்சு. அந்தத் தண்ணீர் இல்லையென்றால் வெங்காயமும் இல்லை.

"அண்ணி போடுற கோடுதான் கோடு. அளக்க வேற ஆளு எதுக்கு?" என்றார் ராஜராஜன்.

ஊரார் தாளில் தூசி பட்டால்கூடப் பதறும் அக்கா, சொந்த நிலம் என்றதும் கொஞ்சம் இளகிவிட்டார். அந்தக் கையகல வரைபடத்தைப் பூஜையில் வைத்து, கல்யாணப் பத்திரிகைக்கு வைப்பதுபோல நாலு மூலையிலும் மஞ்சள் வைத்துத்தான் ஆபீஸுக்குக் கொண்டுவந்தார். ஈசானிய மூலைக்கு, அதாவது வடகிழக்குக்கு, மட்டும் தாராளமாக. படம் தாளின் விளிம்புவரை இருந்ததால், அங்கே நிலத்தின் மூலையே மஞ்சளுக்கு அடியில் போய்விட்டது. அக்கா மஞ்சளின் நடுவில் கூட்டல் குறியை வைத்து அழுத்தினார். நான் பக்கத்து மேஜையில்தான் இருந்தேன், எனக்கும் தோன்றவில்லை.

பிரிண்டைப் பார்த்துக் கல் நட்டார்கள். போர்வெல் இரண்டடி தள்ளிக் கொழுந்தனார் பக்கம் விழுந்தது. முத்தமிழ்செல்வன் முகத்தில் ஈயாடவில்லை. அக்காவுக்கோ பெருமை தாங்கவில்லை. "சொந்தப் புருஷன்னு பாத்தனா?" என்று ஆபீஸ் முழுக்கச் சொன்னார்.

பத்திரம் பதிவாகி ஒரு மாதம் கழித்து அந்தத் தாளை வெளியே எடுத்தார். காய்ந்த மஞ்சள் உதிர்ந்திருந்தது. அடியில் அசல் மூலை, அக்கா அழுத்திய இடத்துக்கு மூன்று மில்லிமீட்டர் கிழக்கே. ஆயிரத்துக்கு ஒன்று என்ற கணக்கில் தரையில் அது பத்தடி. நடுக்கோடு அந்த முனையில் ஐந்தடி மேற்கே நகர்ந்திருக்கிறது. சரியாகப் போட்டிருந்தால் போர்வெல் மூன்றடி உள்ளே, முத்தமிழ்செல்வன் பக்கம்தான்.

ஞாயிற்றுக்கிழமை கொழுந்தனார் வீட்டுக்குப் போனார். துணைக்கு நானும் போனேன். தாளைக் காட்டி, ஒன்றையும் மறைக்காமல் சொன்னார்.

ராஜராஜன் பொறுமையாகக் கேட்டார். "அண்ணி, இத்தன வருஷத்துல உங்க கை தப்புனதே இல்ல. அண்ணன் சொல்லிக்குடுத்து அனுப்பிருக்காரு. எனக்குப் புரியாதா?"

"இல்லப்பா, சத்தியமா நான்தான் தப்பா வச்சிட்டேன்."

அவர் மனைவி லாவண்யா காபியை நீட்டினாள். "போர்டு பொய் சொல்லாதுக்கா. நீங்க சொன்னதுதானே?"

இருபத்தோரு வருஷத்தில் அக்கா சொன்னதை ஒருவர் நம்பாமல் போனது அன்றைக்குத்தான்.

கொழுந்தனார் ஒன்றும் கெட்டவரல்ல. புதனும் ஞாயிறும் அண்ணன் பங்குக்குத் தண்ணீர் விடுகிறார். மோட்டார் ரூம் சாவியை வாங்க அக்காதான் போக வேண்டியிருக்கிறது, முத்தமிழ்செல்வன் போக மாட்டேன் என்கிறார்.