சீர் வண்டியில் மண்

நான். என் வீட்டுக்காரி பேச்சி. என் தங்கை அழகம்மா. அவள் வீட்டுக்காரர் செல்லையா. தொப்பி போட்ட சர்க்கார் விவசாய டிமான்ஸ்டிரேட்டர் ஒருவர். மார்கழிக் கடைசியில் சமயநல்லூர் பக்கம் செல்லையா தோட்டத்தில் நின்றவர்கள் இவ்வளவு பேர்தான்.

செல்லையா போட்டிருந்தது குதிரைமசால். ஜட்காக் குதிரைகளுக்குத் தீவனம். திருப்பரங்குன்றத்தில் என் தோட்டத்தில் அது வருஷக்கணக்கில் கரும்பச்சையாக நிற்கிறது. இங்கே... மஞ்சள். எரு போட்டாயிற்று. தண்ணீர் பாய்ச்சியாயிற்று. மஞ்சள்தான்.

“இதுவும் போச்சுன்னா ரங்கூனுக்குக் கப்பலேறிருவேன் மச்சான்” என்றார் செல்லையா. அழகம்மா வேறு பக்கம் பார்த்தாள்.

டிமான்ஸ்டிரேட்டர் ஒரு செடியைப் பிடுங்கினார்.

“வேர்ல முடிச்சே இல்லை பாருங்க. நல்ல மசால்ல சின்னச் சின்ன முடிச்சு இருக்கும். அதுக்குள்ள கிருமி. காத்துல உள்ள சத்தைப் பிடிச்சுச் செடிக்குக் கொடுக்கும். இந்த மண்ணுல அது இல்லை.”

“கிருமியா?” என்றாள் பேச்சி. “வாந்திபேதிக்கும் அதத்தானே சொன்னாக?”

“அது வேற. இது சோறு போடுற கிருமிம்மா. பழைய மசால் தோட்டத்து மண்ணை ஒரு வண்டி கொண்டாந்து தூவி, மறுபடி விதைங்க.”

பழைய தோட்டம் யாருடையது? எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் பேச்சியைப் பார்த்தேன்.

எங்கள் பக்கத்தில் நெல் கேட்டால் கொடுப்போம். உழவுக்கு மாடு கேட்டால் கொடுப்போம். விளைகிற நிலத்து மண்ணை மட்டும் கொடுக்க மாட்டோம். கூடவே விளைச்சலும் போய்விடுமாம்.

“ஒரு பிடி ஆகாது” என்றாள் பேச்சி. “நாளைக்கு நம்ம தோட்டம் மஞ்சளா நின்னா ஆரு வந்து பாப்பாக?”

அழகம்மா அப்போதுதான் வாயைத் திறந்தாள்.

“மதினி, பொங்கச் சீருக்குப் பித்தளைப் பானை வேணாம். மண்ணாக் குடுங்க.”

பேச்சி முந்தானையை இழுத்துச் செருகினாள். “சீருன்னா... சரி. வெத்தலை பாக்கு வச்சுத்தான் குடுக்கணும்.”

எங்கள் வீடுகளில் எந்தப் பொருளானாலும் சரி — சீர் என்று பெயர் வைத்துவிட்டால் வாசல் தாண்டிவிடும்.

வண்டி நிறைய மண். வெயில் பட்டால் கிருமி செத்துவிடும் என்று மேலே ஈரச் சாக்கு. அதன் மேல் வெற்றிலை, பாக்கு, பூ. ரோட்டில் ஒரு ஜட்காக்காரர் நிறுத்தினார்.

“என்னண்ணே, சீரு கனமோ?”

“கனந்தான்.”

சாக்கைத் தூக்கிப் பார்த்தார். “மாப்ள மேல அம்புட்டுக் கோவமா?”

பேச்சியே சிரித்துவிட்டாள்.

மண்ணைத் தூவி மறுபடி விதைத்து இரண்டு மாசத்துக்கு மேலாயிற்று. போன வாரம் போய்ப் பார்த்தோம். தோட்டம் கரும்பச்சை. செல்லையா ரங்கூனைப் பற்றிப் பேசவே இல்லை. முதல் அறுப்பை எந்த ஜட்கா ஸ்டாண்டுக்கு அனுப்பலாம் என்றுதான் கேட்டுக்கொண்டிருந்தார்.

அழகம்மா ஒரு செடியைத் தோண்டி வாய்க்காலில் கழுவினாள். வேரெல்லாம் முடிச்சு. கிள்ளினால் உள்ளே இளஞ்சிவப்பு.

“பாத்தியாண்ணே, எம்புட்டு!”

பேச்சி மடியிலிருந்து ஈரத்துணி ஒன்றை எடுத்துப் பிரித்தாள். எங்கள் தோட்டத்துச் செடி. காலையிலேயே தோண்டி எடுத்து வந்திருக்கிறாள். மண்ணோடு விளைச்சலும் போய்விட்டதா, தெரிய வேண்டாமா?

இரண்டு வேரையும் பக்கத்தில் வைத்து, நாத்தனாரும் மதினியும் உட்கார்ந்து எண்ணினார்கள்.

அழகம்மா செடியில் முப்பத்தொன்று.

எங்கள் செடியில் முப்பத்தாறு.